ஆயிரம் பெண்மக்களின் தாய்: எலைசா அக்னியூ அம்மையாரும் உடுவிலும்

எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குப் பாடசாலை வரலாற்றிலிருந்து ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்பதிலேயே எங்களுக்குள் பெரிய விவாதம் எழுந்தது. பாடசாலையைத் தொடக்கிய வின்ஸ்லோ அம்மையாரைப் பற்றி எழுதலாம் என்றனர் சிலர். நாம் நேரிற் கண்டு பயந்து நேசித்த அதிபர்மாரைப் பற்றி எழுதலாம் என்றனர் வேறு சிலர். ஈற்றில், எல்லோரும் பெயரை மட்டும் அறிந்து வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொண்டோம். "ஆயிரம் பெண்மக்களின் தாய்" என்ற தொடரைப் பரிசளிப்பு விழாப் பேச்சுகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! அந்தத் தாய் யார், எங்கே பிறந்தார், என்ன செய்தார் என்று கேட்டால் எங்களில் எத்தனை பேரால் நான்கு வசனம் தொடர்ந்து சொல்ல முடியும்? கட்டுரை எழுத உட்காரும் வரை எமக்கும் முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

எலைசா அக்னியூ 1807ஆம் ஆண்டு மாசி மாதம் நியூயோர்க் நகரிற் பிறந்தவர். இன்றைய வானளாவிய கட்டடங்களை மனதிற் கொள்ள வேண்டாம். ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த, பாய்மரக் கப்பல்கள் வந்து தரிக்கும் துறைமுகப் பட்டினமாகவே அது அப்போது இருந்தது. எட்டு வயதில் வகுப்பிலே பூமிசாஸ்திரப் பாடம் நடந்துகொண்டிருந்ததாம். ஆசிரியை தேசப்படத்தில் இந்து சமுத்திரத்திலுள்ள ஒரு சிறு தீவைக் காட்டி, அங்கேதான் ஹரியற் நியூவெல் அம்மையார் இறந்தார் என்று சொன்னாராம். அந்த இடத்திலேயே, வளர்ந்ததும் தானும் தூரதேசம் போய் ஊழியம் செய்வதென்று அச்சிறுமி மனதில் முடிவு கட்டிவிட்டார் என்பது வழிவழியாக வரும் கதை.

அந்தத் தீவு மொரீசியஸ். அக்காலத்தில் அதைப் பிரான்சுத் தீவு என்றே அழைத்தனர். (அங்கே அப்போதே தமிழர் குடியிருந்தனர் என்பது எம்மவருக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.) ஹரியற் நியூவெல் 1812இல் கணவருடன் அமெரிக்காவிலிருந்து கப்பலேறியவர். கிழக்கிந்தியக் கம்பனியார் கல்கத்தாவில் அவர்களைத் தங்க விடவில்லை. அங்கிருந்து மொரீசியசுக்குப் போகும் வழியில் கப்பலிலேயே குழந்தை பிறந்து இறந்தது. அதே ஆண்டு கார்த்திகை முடிவில், பத்தொன்பது வயதில், தாயும் இறந்தார். பின்னர் அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் நூலாகி அமெரிக்க வீடுகள்தோறும் வாசிக்கப்பட்டன. ஆகவே 1815 அளவில் ஒரு வகுப்பறையில் அந்தப் பெயர் சொல்லப்பட்டதில் வியப்பில்லை.

இக்கதையில் எம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. மனைவியை இழந்த சாமுவேல் நியூவெல் 1813இல் தனியே இலங்கைக்கு வந்தார். ஆங்கிலேய முடியாட்சியின் கீழிருந்த இலங்கையில், கம்பனியின் இந்தியாவைப் போல் அமெரிக்கருக்கு வாசல் அடைபடவில்லை. மிஷன் வேலைக்கு இது தகுந்த இடம் என்று அவர் எழுதியது அமெரிக்க மிஷன் இங்கே வருவதற்கு ஒரு காரணமாயிற்று. 1816இல் டானியல் பூவரும் எட்வேட் வாரனும் தெல்லிப்பழையிலே கால் வைத்தனர். நியூயோர்க் சிறுமி தேசப்படத்தில் பார்த்த அந்தப் புள்ளியிலிருந்து கோடு ஒன்று இழுத்தால் அது நேரே வலிகாமத்துக்கு வந்து சேர்கிறது. அதை அவர் அன்று அறிந்திருக்க நியாயமில்லை.

முடிவு எட்டு வயதில் எடுத்தாலும் புறப்பட்டது முப்பத்திரண்டு வயதில். பெற்றோர் இருக்கும்வரை அவர்களை விட்டுப் போவதில்லை என்று வீட்டிலேயே தங்கிவிட்டார். இந்த இருபத்துநான்கு ஆண்டுகளைச் சரித்திரக் குறிப்புகள் ஒரே வசனத்தில் தாண்டிப் போகின்றன. எமக்கு அப்படித் தாண்ட மனம் வரவில்லை. வயோதிபப் பெற்றோரைப் பார்ப்பதற்காகப் படிப்பையோ உத்தியோகத்தையோ வெளிநாட்டுப் பயணத்தையோ பின்போட்ட பெண்கள் எங்கள் சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும் இருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

பெற்றோர் மறைந்த பின் அமெரிக்க மிஷன் சங்கத்துக்கு விண்ணப்பித்தார். 1839 ஆடி மாத முடிவில் பொஸ்டன் துறைமுகத்திலே கப்பலேறினார். மிஷனரியின் மனைவியாக அன்றி, மணமாகாத பெண்ணாகத் தன் பெயரிலேயே அனுப்பப்பட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே கப்பலில் மணமாகாத வேறு பெண்களும் வந்தனர். ஆனால் இறுதிவரை உடுவிலில் நின்றவர் இவரே. சுயெஸ் கால்வாய் திறக்க இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த கப்பல் ஐந்து மாதத்துக்கு மேல் எடுத்தது. 1840 தை மாதம், நெல் அறுவடைக் காலத்தில், அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அதன் பின் அமெரிக்க மண்ணை அவர் மிதிக்கவேயில்லை.

அவர் வந்து சேர்ந்த பாடசாலையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மிரன் வின்ஸ்லோவும் மனைவி ஹரியற் வின்ஸ்லோவும் 1820இல் உடுவிலுக்கு வந்து, முன்னைய ஆட்சியாளர் விட்டுச் சென்ற பாழடைந்த கோவில் வளவிலே குடியேறினர். 1824இல் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். எழுத்தறிவு கோவில் ஆடல்மகளிருக்கே உரியது என்றும், வீட்டுப் பெண்ணுக்கு அது இழுக்கு என்றும் ஊரவர் கருதியதாக மிஷனரிமார் எழுதி வைத்திருக்கின்றனர். அவர்கள் எழுதியதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அண்ணன்மார் திண்ணையில் படிக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று மனனம் பண்ணிய பெண்கள் எந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள். ஆயினும் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றோர் கையைவிட்டு, இராத்தங்கிப் படிக்க அனுப்புவது அன்றைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதில் ஐயமில்லை. உணவும் உடையும் மிஷனே கொடுத்தது. படிப்பை முடித்து மணம் முடிக்கும் பிள்ளைக்குச் சிறு சீதனமும் கொடுத்ததுண்டு. சீதனம் கொடுத்துப் பிள்ளை பிடித்தார்கள் என்று பிற்காலத்தில் ஏளனம் செய்தவர்கள், அந்தச் சீதனத்தைப் பெற்ற குடும்பங்களின் நிலைமையை நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

1833 தொடக்கத்தில் வின்ஸ்லோ அம்மையார் இறந்தார். பாடசாலையின் பொறுப்பு லீவை ஸ்போல்டிங் தம்பதியருக்கு வந்தது. 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியால் பணவரவு குறைந்து, மிஷன் நடத்திய கிராமப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. உடுவில் தப்பியது. தப்பிய பாடசாலைக்குத்தான் அக்னியூ அம்மையார் வந்தார். வந்தபின் தமிழ் படித்தார். அருகிலே ஸ்போல்டிங் தமிழ் அகராதி வேலையில் மூழ்கியிருந்தார். மானிப்பாய் அகராதி என்று நாம் அறியும் நூல் 1842இல் வெளியாயிற்று. சொற்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த அந்த வீட்டுச் சூழலில் முப்பத்துமூன்று வயதுப் பெண்ணொருவர் அரிச்சுவடி தொடங்கியதை எண்ணிப் பாருங்கள். ழகரத்துக்கு அவர் பட்ட பாட்டைப் பிள்ளைகள் சிரித்து இரசித்திருப்பார்கள் என்பது எமது ஊகம்.

சில ஆண்டுகளுள் பாடசாலையின் தலைமை அவர் கைக்கு வந்தது. 1879 வரை அது அவரிடமே இருந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூமிசாஸ்திரம், வேதபாடம், தையல், வீட்டுவேலை என்பவையே பாடங்கள். தேசப்படம் ஒன்றினால் வாழ்க்கை திரும்பிய பெண் வலிகாமத்துப் பிள்ளைகளுக்குத் தேசப்படம் காட்டினார். தம் ஊர்க் கிணற்றடியையும் கோவில் வீதியையும் தவிர வேறெதையும் கண்டிராத பிள்ளைகள் சமுத்திரங்களின் பெயரைச் சொன்னார்கள். இன்று இம்மலரைக் கையில் எடுக்கும் நீங்கள் ஸ்காபரோவிலோ ஹரோவிலோ மெல்பேணிலோ கொழும்பிலோ இருப்பீர்கள். அந்தச் சமுத்திரங்களை எல்லாம் கடந்தவர்கள் நீங்கள்.

இனி அந்த ஆயிரம் என்ற கணக்குக்கு வருவோம். அவருடைய காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தனர் என்பது பதிவு. பேச்சுக்களில் இதைக் கேட்கும்போது பெரிய தொகையாகத் தோன்றும். நாற்பது ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு வகுப்பின் ஒரு பிரிவிலேயே அதைவிடக் கூடுதலாக இருந்தோம்! ஆனால் அந்தச் சிறுமைதான் அவருடைய தொழிலின் இரகசியம் என்று நாம் நினைக்கிறோம். ஆண்டுக்கு இருபத்தைந்து பேரென்றால் ஒவ்வொரு பிள்ளையின் முகம், வீடு, தாய்தகப்பன், பேசி வைத்த மாப்பிள்ளை எல்லாம் ஆசிரியைக்குத் தெரியும். விடுமுறை வந்தால் அவர் ஓய்வெடுக்கவில்லை. ஊரூராகப் போய், மணமாகிப் போன பழைய பிள்ளைகளின் வீடுகளில் இறங்கினார். யாழ்ப்பாணத்துக்கு ரெயில் வர இன்னும் ஒரு தலைமுறை இருந்தது. மாட்டு வண்டிதான் வாகனம், பனங்கூடலுக்குள்ளால் மணல் ஒழுங்கைதான் பாதை. களைப்பாற ஊருக்குப் போய் வரலாமே என்று அமெரிக்க நண்பர் எழுதினால், வேலை அதிகம், போக நேரமில்லை என்று மறுமொழி எழுதுவாராம்.

பழைய மாணவியர் சங்கம் என்ற ஒன்று அன்று இருக்கவில்லை. ஆனால் பழைய மாணவியைத் தேடிப் போய்க் குசலம் விசாரிக்கும் வேலை நடந்தது. அதைச் செய்தவர் ஆசிரியை. இன்று நாங்கள் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் படும் பாட்டை நினைத்தால் அவர் மேல் மதிப்பு இன்னும் கூடுகிறது.

இப்படி நாற்பது ஆண்டு நின்றதால் அவர் முதலிற் கற்பித்தவர்களின் மகள்மாரும், சிலரின் பேத்திமாரும் அவரிடமே படித்தனர். எங்கள் ஊரிலே ஒரு தலைமுறைக்கும் மறு தலைமுறைக்கும் இடையில் சீதனக் காணியும் தாலியும் கைமாறும். இங்கே வாசிப்பும் அவ்வாறே கைமாறியது. எழுத்தறிந்த தாய் தன் மகளை எழுத்தறியாமல் விடுவது அரிது. இந்த ஊர்களில் பெண்கல்வி வேர் பிடித்ததற்கு நாம் பல காரணம் சொல்வோம். ஆனால் ஒரே ஆசிரியை ஒரே இடத்தில் மூன்று தலைமுறைக்கு அசையாமல் இருந்தார் என்ற எளிய காரணத்தை அவற்றுள் முதலாவதாக வைக்கலாம்.

இனிச் சற்றுச் சங்கடமான விடயங்களையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இது வரலாறாகாது, வாழ்த்துப்பாவாகும்.

அக்னியூ அம்மையார் வந்தது சமயம் பரப்பவே. அதை அவர் என்றும் மறைத்ததில்லை. அவரிடம் படித்தவர்களில் அறுநூறு பேருக்கு மேல் கிறிஸ்தவரானார்கள் என்றும், முழுப் படிப்பையும் முடித்தவர்களில் ஒருத்தியும் சைவப் பிள்ளையாக வெளியே போகவில்லை என்றும் மிஷன் நூல்கள் பெருமையோடு சொல்கின்றன. இன்று எங்கள் சங்கத்தில் சைவர்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக இருக்கிறோம். அந்த வசனத்தை எங்களில் ஒருபகுதியினர் நன்றியோடும் மறுபகுதியினர் நெஞ்சில் ஒரு முள்ளோடும் வாசிக்கிறோம். இக்கட்டுரையை எழுத உட்கார்ந்த எங்களுக்குள்ளும் அப்படித்தான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில், வீட்டை விட்டு, அன்பான ஆசிரியை ஒருவரின் நிழலில், கூடப் படிப்பவர்கள் எல்லோரும் ஒரே வழியிற் போகும்போது ஒரு பிள்ளை எடுக்கும் முடிவை எந்த அளவுக்குச் சொந்த முடிவு என்று சொல்லலாம்? அதேவேளை, பிற்காலத்தில் கணவன் வீட்டார் வற்புறுத்தியும் மனம் மாறாமல் வாழ்ந்து, பிள்ளைகளுக்கும் அதையே ஊட்டிய எங்கள் பூட்டிமாரை, விவரம் தெரியாமல் மயங்கியவர்கள் என்று சொல்ல எமக்கு நாவெழவில்லை.

எதிர்ப்பு இல்லாமலும் இருக்கவில்லை. பெர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், அம்மையார் உடுவிலுக்கு வந்து எட்டாண்டில், 1848இல், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். மிஷன் பாடசாலைகளுக்கு மாற்று வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1913இல் சேர். பொன். இராமநாதன் பெண்களுக்கென உயர் கல்லூரியொன்றை அமைக்க இடம் பார்த்தபோது தெரிந்தெடுத்தது எங்களுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள மருதனார்மடம். இது தற்செயல் அன்று என்றே நாம் நினைக்கிறோம். பெண்ணைப் படிப்பிக்க வேண்டுமா என்ற கேள்வி அதற்குள் தீர்ந்து, எந்தச் சூழலில் படிப்பிப்பது என்ற கேள்வியாக அது மாறியிருந்தது. நாவலர் காலமானதும் அம்மையார் பணியிலிருந்து ஓய்ந்ததும் ஒரே ஆண்டில், 1879இல்.

இன்னொன்று, கதவு யாருக்குத் திறந்தது என்பது. விடுதிப் பாடசாலைகளின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளாளக் குடும்பத்தினர். சமபந்தி பற்றிய பிணக்குகள் மிஷனரிமாரை ஓயாது அலைக்கழித்தன. பெண்கல்வியின் ஒளி எல்லா முற்றத்திலும் ஒரே நாளில் விழவில்லை. எங்களைப் போன்றோரின் குடும்பங்கள் அந்த ஒளியில் முன்வரிசையில் நின்றவை என்பதை மறக்கலாகாது.

1855ஆம் ஆண்டும் குறிப்பிட வேண்டியது. மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் ஒரு தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்தது. கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும், மிஷனின் பணம் சபைக்கு வேண்டிய ஊழியரை ஆயத்தப்படுத்துவதிலேயே செலவாக வேண்டும் என்பது அதன் கொள்கை. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. ஊர் கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பின் விளைவாகப் பதினேழு ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. பெண்கள் பாடசாலையைப் பற்றி அப்படி ஒரு கொதிப்பு எழுந்ததாக நாம் வாசிக்கவில்லை. போதகருக்கும் உபாத்தியாயருக்கும் ஏற்ற மனைவியரை ஆயத்தம் செய்வதே அதன் வேலை என்று தீர்மானிப்போர் கருதினர். தீர்மானித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். செமினரி மாணவருக்கு உடுவில் பெண்களை மணமுடித்து வைக்கும் வழக்கத்தை நாம் எல்லோரும் கதையாகக் கேட்டிருக்கிறோம். ஆனால் அத்திட்டத்தில் ஒரு பெரிய முரண் இருந்தது. நல்ல மனைவியரை உருவாக்கும் அந்தப் பாடசாலையின் தலைமையில் இருந்தவர் ஒருவருக்கும் மனைவியாகாதவர். நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் மணமாகாமல், தன் உழைப்பில், ஒரு நிறுவனத்தை நடத்திக்கொண்டு, மரியாதையோடு வாழும் பெண்ணை அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் கண்டனர். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம் அது.

பிற்காலத்தில் எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் "மிஸ்" என்று அழைக்கப்பட்டே வாழ்ந்து முடித்த ஆசிரியைமாரை நினைத்துக்கொள்கிறோம். கைத்தறிச் சேலை, கறுப்புக் குடை, சைக்கிளின் முன் கூடையில் கட்டுக்கொப்பிகள். தம்பிமாரைப் படிப்பித்து, தங்கைமாருக்குச் சீதனம் சேர்த்து, ஓய்வூதியம் எடுத்த பின்னும் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு ஒரு முன்னோடி தேவையாய் இருந்ததோ என்னவோ, முன்னோடி ஒருவர் இருந்தார். பலர் அவரைப் போல் விரும்பி அந்த வாழ்வைத் தெரிந்தவர்கள் அல்லர், வீட்டுச் சுமை அப்படித் தள்ளியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1879இல், எழுபத்திரண்டு வயதில், பொறுப்பைக் கையளித்து அம்மையார் சில மைல் தூரத்திலுள்ள மானிப்பாய்க்குப் போனார். அங்கே 1880இல் வந்த மேரி, மாகிரற் லீச் என்ற இளம் சகோதரிகளோடு வாழ்ந்தார். பிற்காலத்தில் இணுவிலில் எழுந்த மக்லியொட் பெண்கள் மருத்துவமனைக்குப் பணம் திரட்டியவர்கள் இந்தச் சகோதரிகளே. இலங்கையில் தாம் கழித்த ஏழு ஆண்டுகளைப் பற்றி 1890இல் அவர்கள் ஒரு நூல் வெளியிட்டனர். அக்னியூ அம்மையாரைப் பற்றி நாம் இன்று சொல்லும் கதைகளிற் பெரும்பாலானவை அதிலிருந்தே வருகின்றன. இதை வாசகர் மனதிற் கொள்ள வேண்டும். எட்டு வயதில் நடந்த பூமிசாஸ்திர வகுப்பை எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் நினைவுகூர, அதை அவர் மீது பக்தி கொண்ட இரு இளம் பெண்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கதை பொய்யென்று நாம் சொல்லவில்லை. மாலைநேரத்தில் மானிப்பாய் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து அவர் சொல்லச் சொல்ல அது மெருகேறியிருக்கும் என்று மட்டும் நினைக்கிறோம். எங்கள் அம்மம்மாமார் சொன்ன கதைகளும் அப்படி மெருகேறியவைதானே.

1883 ஆனி மாதம் 14ஆம் திகதி, பாரிசவாதம் கண்டு, அவர் மானிப்பாயிலேயே காலமானார். படுக்கையருகில் ஜெபிக்க வந்தவர் எதற்காக ஜெபிப்பது என்று கேட்டபோது, தனக்காக அல்ல, யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபிக்கும்படி கேட்டார் என்று சொல்லப்படுகிறது. நியூயோர்க்கில் முப்பத்திரண்டு ஆண்டும் யாழ்ப்பாணத்தில் நாற்பத்துமூன்று ஆண்டும் வாழ்ந்தவர். கணக்குப்படி பார்த்தால் அவர் எங்கள் ஊர்க்காரி.

இக்கட்டுரைக்காகத் தேடியபோது எம்மை மிகவும் வருத்திய ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். தாயின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. ஆயிரம் மகள்மாரின் பெயர்கள் எங்கே? விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலுள்ள நன்கொடையாளர் ஏற்றால், அவர் விரும்பிய பெயரையே பிள்ளைக்கு இடும் வழக்கம் மிஷனில் இருந்தது. ஆண்கள் சிலர் இரு பெயரையும் காப்பாற்றிக்கொண்டனர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று தமிழிலக்கிய வரலாற்றில் அவர்கள் இரட்டைப் பெயரோடு வாழ்கிறார்கள். பெண்களுக்கு அந்த வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. யாரோ ஒரு சீமாட்டியின் பெயரை விடுதியில் பெற்று, பின் கணவன் பெயரோடு "இன்னாரின் பெண்சாதி" என்றாகி, பிள்ளைகளுக்கு "ஆச்சி"யாகி மறைந்துவிட்டார்கள். தாய் வைத்த பெயர் வள்ளியம்மையா, சின்னாச்சியா, தங்கமுத்தா, யாருக்குத் தெரியும்?

ஆவணங்கள் எங்கள் மண்ணில் எப்படிப் போயின என்பதை நாம் எழுதத் தேவையில்லை. 1981இல் நூலகம் எரிந்தது. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. பெட்டகத்தில் இருந்த பழைய வேதப்புத்தகத்தையும் காணி உறுதியையும் சிலர் எடுத்தோம், சிலர் விட்டோம். எடுத்தவை இன்று உலகின் பல மூலைகளில் அலுமாரித் தட்டுகளில் இருக்கின்றன. அந்தப் பழைய வேதப்புத்தகங்களின் முதற் பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் எல்லாம் கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். பழைய உறுதிகளில் பெண்வழிக் காணிக்குப் பெண்ணின் சொந்தப் பெயர் இருக்கும்.

ஆகவே இம்மலரைப் பெறும் அன்பான பழைய மாணவியர் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தாய்வழியிலோ தந்தைவழியிலோ 1880க்கு முன் உடுவிலிற் படித்த பெண் ஒருவர் இருந்ததாக வீட்டிலே கதை இருந்தால், அவருடைய பெயரை, தாய்தகப்பன் இட்ட பெயரும் விடுதியில் பெற்ற பெயரும் தெரிந்தால் இரண்டையும், ஊரையும், மணம் முடித்துப் போன ஊரையும் எழுதி எமது சங்கத்துக்கு அனுப்புங்கள். வேதப்புத்தகத்தின் அந்த முதற் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினாலும் போதும். எழுத்து மங்கியிருந்தால் பகல் வெளிச்சத்தில், யன்னலோரம் வைத்து எடுங்கள். வயதான பெரியம்மா, மாமி யாரேனும் இன்னும் இருந்தால் இந்தக் கிழமையே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இதுவரை எங்களுக்குள்ளேயே விசாரித்ததில் பதினொரு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஐந்துக்குத்தான் தமிழ்ப் பெயர் தெரியும்.